கொள்கலனும் மீகாமனும்

2012ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 1ஆம் திகதி காலை ஒன்பதரை மணிக்கு நியூயோர்க் பங்குச் சந்தை வழக்கம்போலத் திறந்தது. ஒரு மணி நேரம் கழியுமுன்னரே, நைற் கப்பிற்றல் என்னும் பெரிய பங்கு வணிகத் தாபனம் 46 கோடி டொலருக்கு மேற்பட்ட நட்டத்துக்கு ஆளாகிவிட்டது. அங்கே தீப்பற்றவுமில்லை, திருடர் புகவுமில்லை. எட்டுக் கணினிகளிலே புதிய மென்பொருளை ஏற்றவேண்டியிருந்தது. ஏழிலே ஏற்றப்பட்டது, எட்டாவது விடுபட்டுப்போயிற்று. நடந்த தவறு இவ்வளவே.

அந்த எட்டாவது கணினியிலே, 2003ஆம் ஆண்டோடு பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்ட ஒரு பழைய நிரல் அழிக்கப்படாமற் கிடந்தது. அதனை எழுப்புதற்கு முன்னாளிற் பயன்பட்ட அடையாளக் குறியையே புதிய மென்பொருளும் வேறொரு வேலைக்காக எடுத்தாண்டது. சந்தை திறந்ததும் அக்குறி தாங்கிய கட்டளைகள் வந்தன. ஏழு கணினிகள் அவற்றைச் சரியாக நிறைவேற்றின. எட்டாவதோ உறங்கிக் கிடந்த பழைய நிரலை எழுப்பிவிட்டது. வாங்கவேண்டிய அளவு வாங்கியாயிற்று என்று கணக்குப் பார்த்து நிறுத்தும் பகுதி அதனிடத்தில் வேலை செய்யவில்லை. ஆகவே அது மேலும் மேலும் கட்டளைகளை அனுப்பிக்கொண்டேயிருந்தது. 45 நிமிடங்களில் 154 கம்பனிகளின் பங்குகளில் நாற்பது இலட்சம் வியாபாரங்கள் நடந்து முடிந்தன. அடுத்த ஆண்டே அந்தத் தாபனம் வேறொரு தாபனத்துடன் இணைந்து, தன் தனிப்பெயரையும் இழந்தது.

அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணைக்குழு பின்னர் இதனை ஆராய்ந்து 2013ஆம் ஆண்டு ஒக்டோபரில் தன் முடிபை வெளியிட்டது. மென்பொருளை ஏற்றிய தொழில்நுட்பரின் வேலையை இரண்டாவது ஒருவர் சரிபார்க்கவில்லை என்பதும், அவ்வாறு சரிபார்க்கவேண்டுமென்ற எழுத்து மூலமான விதியே அங்கிருக்கவில்லை என்பதும் அதிற் கூறப்பட்டன. ஒருவரின் கவனக்குறைவை மாத்திரம் பழிப்பதனாற் பயனில்லை. ஒரே வேலையை எட்டு இடங்களில், எட்டு முறை, கையாற் செய்யும்படி மனிதனை விட்டால் என்றோ ஒருநாள் ஒன்று தவறும். எட்டுக் கணினிகளுக்கே இது நேருமாயின் எண்ணாயிரம் கணினிகளை வைத்திருப்போர் கதி யாது? இவ்வினாவுக்கு விடையாகத் தோன்றியவையே இன்று கணினித் துறையிற் கொள்கலன்கள் எனப்படுவனவும், அவற்றைத் தாமாகவே நிறுவி நடத்தும் ஏற்பாடுகளும் ஆகும்.

முதலிற் சேவையகம் என்பது யாதென அறிதல் வேண்டும். வங்கிக் கணக்கைக் கைத்தொலைபேசியிற் பார்க்கும் ஒருவருக்கு விடை கூறுவது அவர் கையிலுள்ள கருவியன்று. எங்கோ தொலைவில் ஒரு குளிரூட்டப்பட்ட மண்டபத்திலே இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினியே அவ்விடையை அனுப்புகின்றது. பலருக்கு ஏவல் செய்வதால் அது சேவையகம் எனப் பெயர்பெற்றது. அதிலே ஒரு மென்பொருள் ஓடவேண்டுமாயின் அந்த மென்பொருள் மட்டும் இருந்தாற் போதாது. அதற்குத் துணையாகப் பல நிரல் தொகுதிகள் வேண்டும். அவை ஒவ்வொன்றும் குறித்த பதிப்பாக இருத்தல் வேண்டும். அமைப்புக் கோப்புகள் உரிய இடத்தில் உரிய சொற்களோடு இருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று மாறினாலும் மென்பொருள் மறுக்கும். அல்லது, அதனினும் கேடாக, பிழையான விடையைத் தரும். எழுதியவர் மேசையில் ஒழுங்காக ஓடிய நிரல் சேவையகத்திற்குப் போனதும் படுத்துவிடுதல் இத்துறையிலே அன்றாட அனுபவம். என் கணினியில் அது ஓடுகின்றதே என்று நிரலாளர் சொல்வதும், இங்கே ஓடவில்லையே என்று நடத்துநர் மறுமொழி சொல்வதும் பழங்கதையாயின.

இத்தொல்லையைத் தீர்க்கும் முயற்சி புதியதன்று. 1993ஆம் ஆண்டில் ஒஸ்லோ பல்கலைக்கழகத்திலிருந்த மார்க் பேர்ஜெஸ் என்னும் பௌதிக அறிஞர், பல கணினிகளை ஒரே சீராக அமைத்து வைத்திருப்பதற்கு ஒரு கருவியை ஆக்கினார். அதன் பெயர் சீஎஃப்எஞ்சின். அதன் வழியிலே 2005ஆம் ஆண்டிற் பப்பெற்றும், 2009இற் செஃபும், 2012இல் அன்சிபிளும் தோன்றின. கணினி எவ்வாறு அமையவேண்டும் என்பதை ஒரு கோப்பிலே எழுதிவிட்டால், அக்கருவிகள் நூற்றுக்கணக்கான கணினிகளையும் அவ்வாறே அமைத்துவிடும். இவை பெரும் உதவி புரிந்தன, இன்றும் புரிகின்றன. ஆயினும், பலமுறை திருத்திய வீட்டிலே பழைய சுவரின் எச்சம் எங்கோ ஒரு மூலையில் நிற்பதுபோல, பல்லாண்டு ஓடிய கணினியிலே பழைய கோப்புகளும் மறந்துபோன மாற்றங்களும் தங்கிவிடுகின்றன. அவற்றின் மேலே புதியதை ஏற்றும்போது விளைவு எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

இங்கேதான் கப்பல் வாணிகம் கணினித் துறைக்கு ஒரு பாடம் கற்பித்தது. கொழும்புத் துறைமுகத்தைக் கடந்து செல்வோர் அங்கே மலைபோல அடுக்கப்பட்டிருக்கும் இரும்புப் பெட்டிகளைக் காணாதிருக்க முடியாது. அவற்றின் வரலாறு அமெரிக்காவிலே மல்கம் மக்லீன் என்னும் லொறிக் கம்பனி முதலாளியிடமிருந்து வளர்ந்தது. 1956ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் திகதி, ஐடியல் எக்ஸ் என்னும் பழைய எண்ணெய்க் கப்பல், மேற்றளத்தில் 58 பெட்டிகளைச் சுமந்துகொண்டு நியூவார்க் துறையிலிருந்து ஹூஸ்ரன் துறைக்குச் சென்றது. மூட்டையாகவும் பீப்பாவாகவும் தனித்தனியே ஏற்றுவதற்கு அந்நாளில் தொன் ஒன்றுக்கு 5 டொலர் 86 சதம் செலவாயிற்று. பெட்டி முறையிலோ ஏறக்குறைய 16 சதமே செலவாயிற்று. இந்த வெற்றியின் இரகசியம் பெட்டியின் இரும்பில் இல்லை. அதன் அளவும் மூலைப் பூட்டும் எங்கும் ஒன்றாக அமைந்ததில் உள்ளது. உள்ளே தேயிலை இருந்தாலென்ன, தையற்பொறி இருந்தாலென்ன? பாரந்தூக்கிக்கு அதைப்பற்றிக் கவலையில்லை. பெட்டியைப் பிடிக்கத் தெரிந்தாற் போதும்.

கணினிக் கொள்கலனும் இத்தன்மையதே. மென்பொருளையும் அதற்கு வேண்டிய துணைத் தொகுதிகள், கோப்புகள் அனைத்தையும் ஒன்றாகக் கட்டி, எந்தச் சேவையகத்திலும் ஒரே விதமாக இறக்கி ஓட்டக்கூடிய ஒரு பொதியாக்குவதே அதன் நோக்கம். உள்ளே இருப்பது வங்கிக் கணக்கா, வானிலைக் கணிப்பா என்பது சேவையகத்துக்கு வேண்டாத விடயம்.

இதனை மெய்நிகர் இயந்திரம் என்னும் முந்திய முறையோடு ஒப்பிட்டு விளங்கிக்கொள்ளலாம். மெய்நிகர் இயந்திரம் என்பது ஒரே கணினிக்குள்ளே பல முழுக் கணினிகள் இருப்பனபோன்று தோற்றுவிக்கும் முறை. அது தனித்தனி வளவிலே தனித்தனிக் கிணறும் அடுக்களையும் கொண்டு அமைந்த வீடுகளை ஒக்கும். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓர் இயக்குதளம் வேண்டும். ஆகவே இடமும் மிகுதி, எழுந்து ஓடத் தொடங்குவதற்கு நேரமும் மிகுதி. கொள்கலன்களோ நாற்சார் வீட்டின் அறைகள் போன்றவை. முற்றமும் கிணறும் பொது. அறைகள் மாத்திரம் வெவ்வேறு. கணினியின் இயக்குதளத்திலே கேர்ணல் எனப்படும் கருப்பகுதி ஒன்றே எல்லாக் கொள்கலன்களுக்கும் பொதுவாக நிற்கின்றது. அதனாலேயே ஒரு கொள்கலன் பெரும்பாலும் சில விநாடிகளில், சிலவேளை அதனினும் விரைவில், ஓடத் தொடங்கிவிடுகின்றது.

அறைகளைப் பிரிக்கும் சுவர் ஒரே நாளில் எழுந்ததன்று. 1979ஆம் ஆண்டளவில் யுனிக்ஸ் இயக்குதளத்தின் ஏழாம் பதிப்பு உருவாகியபோது, ஒரு நிரலுக்குக் கோப்புத் தொகுதியின் ஒரு பகுதியை மட்டும் காட்டி ஏனையவற்றை மறைக்கும் வசதி சேர்க்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் ஃபிறீபீஎஸ்டீ என்னும் இயக்குதளம் இதனை மேலும் வளர்த்து, அத்தகைய அடைப்புக்குச் சிறை என்றே பெயரிட்டது. லினக்ஸ் இயக்குதளத்திலே இரு வசதிகள் படிப்படியாகச் சேர்ந்தன. ஒன்று பெயர்வெளி, இதனால் ஓர் அறையில் உள்ள நிரலுக்கு அயலறையில் என்ன ஓடுகின்றது என்பது புலப்படாது. மற்றது பங்கீடு, இன்ன கொள்கலனுக்கு இவ்வளவு நினைவகம், இவ்வளவு கணிப்பு நேரம் என்று அளந்து கொடுப்பது. கூகிள் தாபனத்துப் பொறியியலாளர் 2006ஆம் ஆண்டிலே தொடங்கிய இந்தப் பங்கீட்டு வேலை 2008ஆம் ஆண்டு சனவரியில் வெளியான லினக்ஸ் கேர்ணலில் இடம்பெற்றது.

இவ்வளவும் இருந்தும் இவற்றைக் கையாளுதல் வல்லுநர்க்கே இயல்வதாயிருந்தது. 2013ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கலிபோர்ணியாவின் சன்ரா கிளாரா நகரிலே நடந்த நிரலாளர் மாநாட்டில், சொலமன் ஹைக்ஸ் என்பவர் ஐந்தே நிமிடம் பேசி ஒரு கருவியைக் காட்டினார். அதுதான் டொக்கர். துறைமுகத் தொழிலாளியை நினைவூட்டும் இப்பெயர் பொருத்தமாகவே அமைந்தது. முன்னிருந்த சுவர்களை அது எவர்க்கும் எளிதாக்கிற்று. அதனினும் முக்கியமாக, கொள்கலனைக் கட்டும் வேலையை மனிதன் கையிலிருந்து ஓர் எழுத்துத் தாளுக்கு மாற்றிற்று.

அத்தாள் சமையற் குறிப்பைப் போன்றது. முதலாவது, இன்ன அடிப்படைத் தொகுதியை எடுக்க. இரண்டாவது, இன்ன துணை நிரலின் இன்ன பதிப்பை நிறுவுக. மூன்றாவது, புதிய நிரலை இன்ன இடத்தில் வைக்க. நான்காவது, இன்ன கட்டளையால் அதனைத் தொடங்குக என்று வரிவரியாக அதில் எழுதப்பட்டிருக்கும். கணினி இதனைப் படித்துப் படிமம் எனப்படும் பொதியை ஆக்கும். படிமம் ஆக்கப்பட்டபின் மாறுவதில்லை. அதன் உள்ளடக்கம் முழுவதையும் கணக்கிட்டு 64 எழுத்தும் இலக்கமும் கொண்ட ஓர் அடையாளம் வழங்கப்படும். உள்ளே ஒரேயோர் எழுத்து மாறினாலும் அடையாளம் முற்றும் வேறாகிவிடும். இவ்வடையாளத்தைக் கேட்டு எட்டுக் கணினிகள் எடுத்தாலும் எண்ணாயிரம் எடுத்தாலும் அவை எடுப்பது ஒரே பொருளே.

ஆயினும் இங்கே ஒரு கண்ணி உண்டு. படிமங்களுக்கு எளிய பெயர்ச்சீட்டும் இடலாம். அண்மையது என்று பொருள்படும் சீட்டைப் பலர் வழக்கமாகப் பயன்படுத்துவர். இன்றைக்கு அண்மையது நாளைக்கு அண்மையதன்று. திங்கட்கிழமை எடுத்த கணினியும் வெள்ளிக்கிழமை எடுத்த கணினியும் அச்சீட்டால் வெவ்வேறு பொருளைப் பெறக்கூடும். எட்டாவது கணினியின் கதை இவ்வாறு வேறு வேடத்தில் மீண்டும் வரும். ஆதலினால் அறிந்தோர் பெயர்ச்சீட்டை நம்பாது பதிப்பெண்ணையோ அடையாளத்தையோ குறித்து எழுதுவர்.

பெட்டிகள் ஆயத்தமாகிவிட்டன, கப்பலை நடத்துவது யார்? ஒரு பெரிய தாபனத்தில் ஆயிரக்கணக்கான கொள்கலன்கள் நூற்றுக்கணக்கான கணினிகளிலே ஓடும். எதனை எதில் வைப்பது, ஒன்று நின்றுபோனால் யார் எழுப்புவது, கணினி ஒன்று பழுதானால் அதிலிருந்தவற்றை எங்கே மாற்றுவது என்னும் வேலைகளை மனிதர் உட்கார்ந்து செய்தல் இயலாது. கூகிள் தாபனம் தன் உள்வேலைகளுக்காக போர்க் என்னும் ஏற்பாட்டைப் பல்லாண்டாக வைத்திருந்தது. அவ்வனுபவத்தைக் கொண்டு அங்கிருந்தோர் ஆக்கி 2014ஆம் ஆண்டு யூன் மாதத்திலே எவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டதே குபர்நெற்றீஸ். 2015ஆம் ஆண்டு யூலையில் அதன் முதலாம் பதிப்பு வெளிவந்தது. இச்சொல் கிரேக்க மொழியிலே சுக்கான் பிடிப்பவனைக் குறிக்கும். தமிழிலே மீகாமன் எனலாம். ஏழு ஆரங்களையுடைய சுக்கான் சக்கரமே அதன் சின்னம்.

இந்த மீகாமனிடம் பேசும் முறை புதுமையானது. இதைச் செய், பின் அதைச் செய் என்று ஏவுவதில்லை. எந்நிலை இருத்தல் வேண்டும் என்பதையே எழுதிக் கொடுக்கவேண்டும். இன்ன அடையாளமுள்ள படிமத்திலிருந்து எட்டுக் கொள்கலன்கள் எப்போதும் ஓடுதல் வேண்டும் என எழுதிக் கொடுத்தாற் போதும். குபர்நெற்றீஸ் ஓயாது மூன்று காரியங்களைச் செய்யும்: உள்ள நிலையைப் பார்க்கும், வேண்டிய நிலையோடு ஒப்பிடும், வேறுபாடு இருப்பின் அதனை நீக்க முயலும். ஏழு ஓடினால் எட்டாவதை எழுப்பும். ஒன்பது ஓடினால் ஒன்றை நிறுத்தும். ஒரு கணினியே இறந்துபோனால், அதிலிருந்த கொள்கலன்களுக்கு ஈடாகச் சில நிமிடங்களில் வேறு கணினிகளிற் புதியவற்றைத் தொடங்கும். வயலிலே நீர்மட்டத்தைப் பார்த்து மடையைத் திறந்தும் அடைத்தும் நிற்கும் காவற்காரனைப்போல, அதன் வேலை ஒருபோதும் முடிவதில்லை.

கொள்கலன் உயிரோடிருக்கின்றதா என்பதையும் அது கேட்டறியும். வேறு ஏற்பாடு செய்யாவிடின் 10 விநாடிக்கு ஒருமுறை வினாவி, மூன்று முறை தொடர்ந்து தக்க விடை வாராதாயின் அதனை நிறுத்தி மீண்டும் தொடங்கும். தொடங்கியதும் விழுந்து, மீண்டும் தொடங்கியதும் விழுகின்ற கொள்கலனை இடைவிடாது எழுப்பிக்கொண்டிருப்பதில்லை. 10 விநாடி, 20 விநாடி, 40 விநாடி என இடைவெளியை இரட்டித்துக்கொண்டு போய், ஐந்து நிமிடத்தில் நிற்கும். நோயாளியை ஓயாது உலுப்பி எழுப்புவதனாற் குணம் உண்டாகாது என்பதை இயந்திரத்துக்கும் கற்பித்திருக்கின்றனர்.

புதிய பதிப்பை ஏற்றும் முறையே எட்டாவது கணினியின் கதைக்கு நேரான மறுமொழி. எட்டுக் கொள்கலன்களும் ஒருங்கே மாற்றப்படுவதில்லை. வழக்கமான ஏற்பாட்டின்படி நாலில் ஒரு பங்கே ஒரு வேளையிற் குறையலாம். நாலில் ஒரு பங்கே மேலதிகமாகலாம். எட்டு என்னும் கணக்கில் ஆறுக்குக் குறையாமலும் பத்துக்கு மிகாமலும் கொள்கலன்கள் நிற்கும். அக்கீழெல்லையை எட்டியபின், புதியது ஒன்று எழுந்து, வேலைக்கு ஆயத்தம் என விடை கூறிய பின்னரே மேலும் பழையது ஒன்று விலகும். புதியவை விடை கூறாவிடின் மாற்றம் பாதிவழியில் நின்றுவிடும். பழையவை வேலையைத் தொடரும். இன்னும் எச்சரிக்கையாயுள்ளோர், புதிய பதிப்பை முதலிற் சிறிதளவு வேலைக்கு மாத்திரம் விட்டுப் பார்ப்பர். நிலக்கரிச் சுரங்கத்தில் நச்சுவாயுவை அறியக் கூண்டில் கொண்டுசென்ற சிறு பறவையின் பெயரால் இம்முறை கனேரி எனப்படுகின்றது.

வேண்டிய நிலையை எழுதிய தாளும் எங்கோ ஒருவர் மேசையிற் கிடப்பதில்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டில் ஆக்கிய கிற் என்னும் பதிவேட்டு முறையிலே பலர் அதனை வைத்துக் காக்கின்றனர். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பது அதிலே நிலைத்திருக்கும். இரண்டாமவர் ஒருவர் படித்து ஒப்புக்கொள்ளாமல் மாற்றம் செல்லாதவாறு தடையும் இடலாம். நைற் கப்பிற்றலில் இல்லாதிருந்த இரண்டாவது கண் இதுவே.

இவற்றையெல்லாம் கேட்போர், இனித் தவறே நேராது என்று எண்ணிவிடலாகாது. தானியங்கி முறை சரியானதை ஆயிரம் இடங்களில் ஒரே சீராகச் செய்வதுபோலப் பிழையானதையும் ஆயிரம் இடங்களில் ஒரே சீராகச் செய்யும். 2017ஆம் ஆண்டு பெப்ருவரி 28ஆம் திகதி அமேசன் தாபனத்தின் சேமிப்புச் சேவையிலே, ஒழுங்கான உரிமையுள்ள ஊழியர் ஒருவர், ஒழுங்கான வழிமுறைக் குறிப்பைப் பார்த்து, சில சேவையகங்களை விலக்க ஒரு கட்டளை கொடுத்தார். அதில் ஓர் உள்ளீடு பிழையாக அமைந்தது. சிலவற்றுக்குப் பதிலாகப் பல விலகிவிட்டன. அமெரிக்காவிலே எண்ணற்ற இணையத்தளங்கள் மணிக்கணக்காகச் செயலிழந்தன. அத்தாபனம் தானே வெளியிட்ட விளக்கத்திலே, இனி அக்கருவி சேவையகங்களை மெதுவாகவே விலக்கும் என்றும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே செல்லவிடாது என்றும் கூறிற்று. கருவிக்கு வலிமையைக் கொடுத்தவர்கள் பிறகு கடிவாளத்தையும் கொடுக்க நேர்ந்தது.

வேறு எல்லைகளும் உள. நாற்சார் வீட்டின் கிணறு நஞ்சானால் எல்லா அறைக்கும் கேடு. அவ்வாறே பொதுவான கேர்ணலில் ஓட்டை இருப்பின் ஒரு கொள்கலனிலிருந்து பகைவன் வெளியேறி மற்றவற்றைத் தொடக்கூடும். கடவுச்சொல்லைப் படிமத்துக்குள்ளே வைத்துக் கட்டினால், படிமத்தைப் பெறுவோர் அனைவரும் அதனையும் பெறுவர். கொள்கலன் நிலையற்றது, அது நீக்கப்படும்போது அதனுள் எழுதியவையும் போகும். ஆகையால் கணக்குகளும் பதிவுகளும் வெளியே நிலையான சேமிப்பில் இருத்தல் அவசியம். சிறிய தாபனம் ஒன்றுக்கு இரண்டு சேவையகங்கள் போதுமாயின், அதற்கு மீகாமனும் மாலுமிகளும் வேண்டியதில்லை. தோணிக்குத் துடுப்பே போதும்.

நைற் கப்பிற்றலின் கதையிலே இன்னுமொரு பகுதி உண்டு. பிழை நடக்கின்றதென உணர்ந்தோர், புதிய மென்பொருளே காரணமென எண்ணி, சரியாக ஏற்றப்பட்டிருந்த ஏழு கணினிகளிலிருந்தும் அதனை நீக்கினர். அதனால் அந்த ஏழிலும் பழைய நிரல் விழித்துக்கொண்டது, நட்டம் பெருகிற்று. முந்திய பதிப்புக்குத் திரும்பும் வசதி இன்று ஒரே கட்டளையில் உள்ளது. ஆனால் திரும்பிச் செல்லும் இடத்திலே பழைய பாம்பு உறங்குமாயின், விரைவாகத் திரும்புவதனால் யாது பயன்? அன்று காலை சந்தை திறக்கு முன்னரே, எட்டு மணி தொடக்கம், அத்தாபனத்தின் கணினிகள் 97 எச்சரிக்கை மின்னஞ்சல்களை ஊழியர் சிலருக்கு அனுப்பியிருந்தன. அவை ஆபத்து அறிவிப்புகள் என்று கருதப்படாமையால் எவரும் அவற்றின்மேல் நடவடிக்கை எடுக்கவில்லை.

கொள்கலன் முறை எட்டுக் கணினிகளையும் ஒன்றாக்கியிருக்கும். மீகாமன் எட்டாவதன் குறையைக் கண்டு நிரப்பியிருப்பான். ஆனால் பயனற்ற நிரலை உரிய காலத்தில் அழிப்பதும், பழைய குறியைப் புதிய வேலைக்கு எடுக்குமுன் இருமுறை எண்ணுவதும், வந்த எச்சரிக்கையைத் திறந்து படிப்பதும் மனிதர் கடமையாகவே இருந்திருக்கும். கையால் ஆயிரம் முறை செய்யும் வேலையை இயந்திரத்திடம் விடுவது அறிவுடைமை. அவ்வாறு மிஞ்சிய நேரத்தை, இயந்திரத்துக்கு எழுதிக் கொடுத்த தாள் சரியானதா என்று பார்ப்பதற்குச் செலவிடுவது அதனினும் பெரிய அறிவுடைமை. சுக்கானைப் பிடிப்பவன் எத்துணை வல்லவனாயினும், கப்பல் எத்துறைக்குச் செல்லவேண்டும் என்பதை அவனுக்குக் கூறவேண்டியவர் கரையிலே இருக்கின்றார்.